‘மிஷ்’ என்று படித்தேன்

மச்சானின் நோட்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. இங்கிலீஷ் எழுத்தில் துருக்கிச் சொற்கள், பக்கத்தில் தமிழ் அர்த்தம். மச்சான் என் அக்காவின் புருஷன். சுதந்திரம் வந்து சில வருஷத்தில், துருக்கிக் கப்பல் ஒன்றில் பாய்லருக்குக் கரி வாரிப் போடும் வேலை அவருக்குக் கிடைத்தது. புறப்படும்வரை, ராயபுரம் வீட்டில் தினமும் சாயங்காலம் நோட்டை என் கையில் கொடுத்துவிட்டு ஒப்பிப்பார். நான் ஐந்தாவதோடு நின்றவன். தப்பாகப் பேசி அங்கே மாட்டிக்கொள்வாரோ என்று எனக்குத்தான் வியர்க்கும்.

“இன்னாத்துக்கு பேஜாராவுற மாமு? நம்ம தமிழு மாதிரிதான் கீது. ‘சு கெதிர்’, தண்ணி கொண்டா. வேலைய சொல்ற சொல்லு கடைசில வரும். கண்ணால பாத்திருந்தா ‘கெல்தி’, வந்தான். எவனோ சொல்லிக் கேட்டிருந்தா ‘கெல்மிஷ்’, வந்தானாம்.”

நோட்டின் கடைசிச் சொல் ‘ஒல்’. சா என்று அர்த்தம். இது எதற்கு என்று கேட்டேன்.

“கப்பல்ல போறவன் இது தெரியாம போலாமா?”

“வாய கழுவு மொதல்ல,” என்றாள் அக்கா உள்ளேயிருந்து.

எட்டு மாதம் கழித்துக் கடுதாசி வந்தது. அவரோடு வேலை செய்த துருக்கிக்காரர் எழுதிய ஒரே வரி. அக்கா கழுத்தில் கிடந்த தாலிக் கருகமணியைப் பிடித்தபடி எதிரில் நின்றாள். மச்சான் பெயர், கடல், கடைசியில் ‘ஒல்தூ’, செத்தார். கண்ணால் பார்த்தவர் எழுதியது. என் வாயில் ‘மிஷ்’ சேர்ந்து ‘ஒல்முஷ்’ என்று வந்தது. செத்தாராம்.

“அப்போ யாரும் பாக்கலியா?”

“இல்லக்கா.”

சேதி கேட்டவன் நான். என் வாயில் ‘ஆம்’ வருவது இலக்கணத்துக்குச் சரிதான் என்று எத்தனையோ முறை சமாதானம் செய்துகொண்டேன். ஆனால் அவள் கேட்டது கடுதாசியை. அந்த ‘இல்லக்கா’வுக்கு எந்த இலக்கணமும் இல்லை.

புருஷன் செத்தவள் வீட்டோடு இருக்கவேண்டிய இத்தாவை அக்கா இருக்கவில்லை. கருகமணியைக் கழற்றவில்லை. துறைமுகத்தில் கப்பல் ஊதினால் அடுப்பை விட்டு வாசலுக்கு வருவாள். மறுகல்யாணம் பேச வந்தவர்களிடம், “அவரு வந்து கேட்டா இன்னா சொல்றது?” என்பாள். அப்போது அவளுக்கு வயது இருபத்து மூன்று. நாளைக்குச் சொல்லிவிடலாம் என்றே வருஷங்கள் போயின. பெருநாள்தோறும் கடுதாசியைப் படிக்கச் சொல்வாள். ஒருமுறை கேட்டாள்: “எல்லாம் கடகடன்னு படிக்கிற. அந்தக் கடைசி எழுத்துல மட்டும் ஏன்டா தடுக்குது?”

நான் கடுதாசியை மடித்து வைத்தேன். அதன் பிறகு அவள் படிக்கச் சொல்லவே இல்லை. கருகமணி மட்டும் கழுத்திலேயே கிடந்தது.

போன மாதம் என் மடியில் தலை வைத்தபடி அக்கா போய்விட்டாள். இன்று நோட்டைத் திறந்து, கடைசிச் சொல்லுக்குக் கீழே அவள் பெயரை எழுதி, ‘ஒல்தூ’ என்று போட்டேன். கை தடுக்கவில்லை. பார்த்தவன் நான்.