மாத்திரைக்கு மூன்றாவது ஷிப்ட்

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். இரண்டு தறியில் தொடங்கி, இன்று சோமனூரில் நாற்பது தறி ஓட்டுகிறேன். நெஞ்சுவலி வராமலிருக்க டாக்டர் நைட்ரேட் மாத்திரை கொடுத்து, காலையும் மதியமும் மட்டும் போடச் சொன்னார். மூன்று ஷிப்ட் ஓட்டுகிறவனுக்கு இரண்டு வேளை போதுமா? இரவுக்கும் ஒன்று சேர்த்துக்கொண்டேன். சில வாரங்களில், தறிக்கூடம் வரை நடந்தாலே வலி திரும்பியது.

மனைவி என்னை டாக்டரிடம் இழுத்துப் போனாள்.

"இந்த மருந்து ரத்தக்குழாயைத் தளர்த்தி வலியைத் தடுக்குதுங்க. ஓயாமப் போட்டா உடம்பு பழகிப்போயி, அப்புறம் மருந்து கேக்காது. ராத்திரி இடைவெளி வேணுமுங்க," என்றார் அவர்.

"ஏனுங்க, மாத்திரையையுமா மூணு ஷிப்ட் ஓட்டுனீங்க?" என்று மனைவி சிரித்தாள். கண் கலங்கியிருந்தது.

இரவு மாத்திரையை நிறுத்தியதும் வலி அடங்கியது. இப்போது மாத்திரை அட்டை அவள் பீரோவில். நாற்பது தறி முதலாளி, இரண்டு வேளையும் அவளிடம் கை நீட்டி நிற்கிறேன். அதிலும் எனக்குப் பெருமைதான்.