எதிரொலிக்கிற அறைக்கு ஒரு ஜோடி ஸ்பீக்கர்

என் மனைவி கணியம்பாடியில் இருக்கும் அம்மா வீட்டுக்குக் கிளம்பிப் போனதற்கு நான் காரணமில்லை. அறைதான் காரணம். ஆம்பூரில் நாங்கள் வாடகைக்கு எடுத்த அந்த இடம் முன்பு தோல் குடோனாக இருந்தது. கடப்பைக்கல் தரை, வெற்றுச் சுவர் நான்கு, மேலே தகர ஷீட், ஒரே ஒரு ஜன்னல். ஒரு சொல் சொன்னால் நான்கு சுவரும் ஆளுக்கு ஒருமுறை திருப்பிச் சொல்லும். குக்கர் எத்தனை விசில் விட்டது என்று எண்ண முடியாமல் பருப்பு தினமும் குழைந்தது.

அவள் ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் இருக்கிறாள். நாளெல்லாம் அந்த இரைச்சலில் இருந்துவிட்டு வருகிறவளுக்கு, சாயங்காலம் நாலு பாட்டுக் கேட்க வேண்டும். போனில் பாட்டுப் போட்டால் பஸ் ஸ்டாண்டு அறிவிப்பு மாதிரி இருந்தது.

"நான் சொல்றத செவுரு நாலு தடவ சொல்லுது. அப்பவும் உனுக்குக் காதுல ஏறல" என்று பையை எடுத்தாள். "ஞாயித்துக்கெழம வர்றேன். ஒரு பாட்டு ஒழுங்கா கேட்டுச்சுன்னா இங்க இருக்கேன். இல்லன்னா வேற வூடு பாரு."

வேறு வீடு பார்ப்பது எனக்குப் புதிதில்லை. எட்டாவதில் பள்ளிக்கூடத்தை விட்டு ஓடியவன் நான். லாரியில் கிளீனர், பெங்களூரில் ஓட்டல் சப்ளையர், சோளிங்கர் மலையடிவாரத்தில் செருப்புக்குக் காவல் என்று சுற்றியதில் பதினாலு இடங்களில் படுத்திருக்கிறேன். அதில் மூன்றுக்குக் கூரை கிடையாது. ஆனால் இந்த முறை மூட்டை கட்ட மனம் வரவில்லை. கம்பெனி நடை தூரத்தில் இருந்தது. ஜன்னலில் வேப்பங்காற்று வந்தது. முதல் தடவையாக ஓர் இடத்தில் ஆணி அடித்துச் சட்டை மாட்டியிருந்தேன்.

அதனால் பஜாருக்கு ஸ்பீக்கர் வாங்கப் போனேன். கடையை நடத்துவது முப்பது வயசுள்ள ஒரு பாயம்மா. அப்பா கடை, இப்போது அவர்தான் எல்லாம்.

என் வேலையும் அதே கம்பெனியில்தான், தோல் தரம் பிரிப்பது. தோலை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், உள்ளங்கையால் தடவி, வயிற்றுப் பக்கம் தொளதொளவென்று இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்துத்தான் ஏ, பி, சி என்று அடுக்குவோம். பழக்கதோஷம், ஸ்பீக்கரையும் வாசல் வெயிலுக்குத் தூக்கிப்போய்த் தடவினேன். நடுவில் இருந்த கறுப்பு வட்டத்தைக் கட்டைவிரலால் அழுத்தினேன்.

"அண்ணா, அது கோழி இல்ல. காதால பாருங்க" என்றார் பாயம்மா.

ஒரு கீறல்கூட இல்லாத, இடுப்பு உயர ஜோடி ஒன்று எனக்குப் பிடித்துவிட்டது. சந்தேகமே இல்லாமல் ஏ கிரேடு. அறை எப்படி என்று கேட்டார். சொன்னேன்.

"அந்த ரூமுக்கு இது ஜாஸ்திண்ணா. சின்னது எடுங்க. இதப் போட்டா தகரமும் கூடவே பாடும்."

விற்காத சரக்கை என் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று நினைத்தேன். அட்டைப்பெட்டிகள் கூரை வரை அடைத்திருந்த அந்தக் கடைக்குள் பெரியதில் பாட்டுப் போட்டுக் கேட்டபோது, பாடகர் என் பக்கத்தில் உட்கார்ந்து பாடியது மாதிரிதான் இருந்தது. பெரியதையே எடுத்தேன்.

"அட்டப்பெட்டிய மட்டும் கிழிச்சிடாதீங்க. திரும்பி வருவீங்க."

வீட்டில் போட்டதும் தகரம் பாடியது. கூரையிலிருந்து ஒரு பல்லி விழுந்தது. வீட்டுக்காரர் ஓடிவந்து, "இன்னாப்பா, ஷீட்டு மேல யாருனா ஓடுறானா?" என்றார்.

மறுநாள் பெரியதை அதே பெட்டியில் திருப்பிக் கொண்டுபோனேன்; பாயம்மா வாங்கி உள்ளே வைத்தார். முழங்கை நீளம்கூட இல்லாத ஒரு ஜோடியை எடுத்து வைத்தார். "அறை நடுவுல நின்னு கை தட்டி, ரெக்கார்ட் பண்ணி அனுப்புங்க" என்றார். வீட்டுக்குப் போய்த் தட்டி அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"இது ரூமா, கெணறா? ஸ்பீக்கர் பாதி வேலதாண்ணா செய்யும். செவுத்துல மெத்துன்னு எதுனா மாட்டுங்க."

எங்களிடம் மெத்தென்று இருந்தது ஒரு தலையணை. சூப்பர்வைசரிடம் கேட்டு, கழித்துப்போட்ட தோல் ஒரு கட்டு வாங்கி வந்தேன். சனிக்கிழமை முழுக்க ஆணி அடித்து, பளபளக்கிற பக்கம் வெளியே தெரிய வரிசையாக மாட்டினேன். அறை ஷூ ஷோரூம் மாதிரி ஜொலித்தது. கை தட்டினேன். கிணறு அப்படியே இருந்தது.

"இன்னா மாட்டுனீங்க?" என்றார் பாயம்மா போனில்.

"தோலு."

"எந்தப் பக்கம் வெளிய?"

"நல்ல பக்கம்."

"யா அல்லா! ஆம்பூர்ல இருந்துகினு இது தெரியலையா? வழவழன்னு இருந்தா சத்தம் வழுக்கிகினு திரும்பி வரும். சொரசொரப்ப வெளிய காட்டுங்க. செவுத்தோட ஒட்டாம தொங்க விடுங்க."

தோலின் உள்பக்கத்தைக் காட்டுவது, எங்களுக்குச் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போவது மாதிரி. பல்லைக் கடித்துக்கொண்டு அத்தனையையும் திருப்பினேன். பின்னால் கோணிப்பையை மடித்துச் செருகினேன். ஸ்பீக்கர் இரண்டையும் மூலையிலிருந்து நகர்த்தி ஸ்டூல் மேல் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தாள். பையைக் கீழே வைக்கவில்லை. முதலில் மூக்கைப் பிடித்தாள்.

"இன்னாயா, வூட்டுக்குள்ள தோலு காயப்போட்டுக்கீறே? அதுவும் உள்பக்கம் வெளிய! இதான் நீ தரம் பிரிக்கிற லட்சணமா?"

நான் பாட்டைப் போட்டேன். நின்றபடியே கடைசி வரை கேட்டாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பாட்டு முடிந்ததும் அறையின் நடுவே போய் நின்று என்னைத் திட்ட ஆரம்பித்தாள். கேஸ் சிலிண்டருக்குச் சொல்லாதது, அவள் அம்மாவுக்குப் போன் பண்ணாதது, செத்துக் கிடந்த பல்லியைப் பெருக்காதது. சட்டென்று நிறுத்தி, சுவர்கள் திருப்பிச் சொல்லும் என்று காத்திருந்தாள்.

சுவர்கள் வாயைத் திறக்கவில்லை.

"ஒரு தடவதான் கேக்குது" என்றாள், கொஞ்சம் ஏமாற்றமாக.

ஜன்னலை அகலத் திறந்தாள். சின்ன ஸ்பீக்கர் வந்த அட்டைப்பெட்டி மூலையில் இருந்தது. இதையும் திருப்பிக் கொடுக்க நேரலாம் என்று மடிப்புக் கலையாமல் வைத்திருந்தேன். அதை எடுத்து, நாலு பக்கமும் சரசரவென்று கிழித்து, மளிகை ஷெல்ஃபில் விரித்தாள். பிறகு பையைத் திறந்து, அம்மா கொடுத்தனுப்பிய புளியை அதன் மேல் வைத்தாள்.