‘டீசன்டான ஆள்’ கனகராஜ்

கனகராஜ் போய்விட்டார் என்ற செய்தி நம் கம்பெனி வாட்ஸாப் குழுவில் காலை ஏழு பத்துக்கு வந்தது. ஏழு பதினொன்றுக்கு அதே குழுவில் என்னுடைய மாமியார் ஜோக் வந்தது. முந்தைய செய்தியைப் பார்க்காமலே அனுப்பிவிட்டேன். பதறிப்போய் அழிக்கப் பார்த்து, ‘எல்லோருக்கும் அழி’ என்பதற்குப் பதிலாக ‘எனக்கு மட்டும் அழி’ என்பதை அழுத்தினேன். ஆகவே என் கண்ணுக்கு மட்டும் அது மறைந்தது. உங்கள் அத்தனை பேர் செல்போனிலும் மாரடைப்புச் செய்திக்கு நேர் கீழே அந்த ஜோக் இன்னும் உட்கார்ந்திருக்கிறது. நாற்பது பேர் கைகூப்பியிருந்தீர்கள். இரண்டு பேர் சிரிப்பு எமோஜி அனுப்பியிருந்தீர்கள். அந்த இரண்டு பேர் யாரென்று எனக்குத் தெரியும்.

கனகராஜ் சிங்காநல்லூரில் நம் பம்ப் கம்பெனியின் தரப் பரிசோதனைப் பிரிவில் இருபத்தாறு வருடம் இருந்தார். எண்ணெய்ப் பிசுக்கும் இரும்புத் தூளுமான ஷெட்டுக்குள் வெள்ளைச் சட்டையை டக்-இன் செய்து, பெல்ட் போட்டு, கறுப்பு ஷூ பளபளக்க நடந்து வருவார். டெஸ்டிங் அறைக் கதவுக்குப் பின்னால் இஸ்திரி போட்ட இன்னொரு சட்டை எப்போதும் தொங்கும். போட்டிருப்பதில் கறை பட்டால், வீட்டுக்குக் கிளம்பும்போது மாற்றிக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை கறி வாங்கப் போகும்போதும் கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை இருக்கும். “கறிக்கடைக்காரருக்கு எதுக்குங்க பம்ப் கம்பெனி அட்டை?” என்று ஒருமுறை கேட்டேன்.

“கறிக்கடைக்கு இல்லீங்க. போற வழிக்குங்க” என்றார்.

அவருக்குக் ‘கலெக்டர்’ என்று பட்டப்பெயர் வைத்தவன் நான். நம் ஆண்டு மலரில் கலெக்டரையும் அவருடைய இஸ்திரிப் பெட்டியையும் பற்றி மூன்று பக்கம் எழுதினேன். நீங்கள் சிரித்தீர்கள். அவரும் சிரித்தார், வீட்டுக்கென்று இரண்டு பிரதி கேட்டு வாங்கிப் போனார். ஒரு மனிதனுடைய பயத்தை மூன்று பக்க நகைச்சுவையாக எழுதியிருக்கிறேன் என்பது எனக்கு விளங்க ரொம்ப நாள் ஆயிற்று.

புதிதாக வேலைக்குச் சேரும் ஆட்களுக்கு, முக்கியமாகத் தன் தெருப் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு, அவர் சொல்லும் முதல் பாடம் பம்ப் பற்றியதே அல்ல. “முடிய வெட்டிப்போடு கண்ணு. சூ போடு. சட்டை கசங்கியிருந்தா கேள்வியும் கசங்கித்தான் வரும்” என்பார். கேட்கப்போவது யார் என்று அந்த ஆட்கள் யாரும் திருப்பிக் கேட்டதில்லை. அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை.

எனக்குத் தெரியவந்தது பவானி போகும் வழியில். அங்கே ஒரு டீலர், பம்ப் தண்ணீர் எடுக்கவில்லை என்று ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தார். என் பைக்கில் போனோம். ஓட்டியவன் நான். தலையில் ஹெல்மெட் இல்லை, லைசென்ஸ் வீட்டு பீரோவில், சட்டையில் மேல் பட்டன்கள் இரண்டு போடவில்லை, காலில் தேய்ந்த ரப்பர் செருப்பு. பின்னால் ஹெல்மெட்டும் ஷூவுமாகக் கனகராஜ். சோதனைச் சாவடியில் நிறுத்தினார்கள்.

“எந்த ஊருங்க?” என்றார் போலீஸ்காரர் என்னிடம். சொன்னேன்.

“தோட்டம் அங்கதானுங்களா? எந்தக் கூட்டமுங்க?” அதையும் சொன்னேன்.

நம் பக்கத்தில் யாரும் சாதியை வாய்விட்டுக் கேட்பதில்லை, அது மரியாதைக் குறைவு. தோட்டத்தைக் கேட்பார்கள், கூட்டம் என்று குலத்தைக் கேட்பார்கள். பதில் வைத்திருப்பவனுக்கு அதற்கப்புறம் எந்தக் கேள்வியும் கிடையாது.

“அட, நம்ம பக்கந்தான். ஹெல்மெட் போட்டுக்கங்கண்ணா” என்று என் தோளைத் தட்டிவிட்டுப் பின்னால் பார்த்தார். “நீ எந்த ஊரு?”

“கிணத்துக்கடவு பக்கமுங்க.”

“ஊருக்குள்ளயா, அந்தப் பக்கமா?”

கனகராஜ் பேசவில்லை. அதுவே பதிலாகிவிட்டது.

“பையில என்னடா? கொட்டு.”

அளவுக் கருவிகள், டிபன் பாக்ஸ், மடித்த சட்டை எல்லாம் தார் ரோட்டில் விழுந்தன. போலீஸ்காரர் லத்தி நுனியால் சட்டையைப் புரட்டிப் பார்த்தார். கனகராஜ் குத்தவைத்து உட்கார்ந்து, மண்ணைத் தட்டி, பழைய மடிப்பிலேயே மறுபடி மடித்தார்.

அடுத்த டீக்கடையில் அவராகவே சொன்னார். “பத்தொம்பது வயசுலீங்க. பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டுல லுங்கி கட்டிட்டு நின்னுட்டு இருந்தேன். எவனோ சைக்கிளத் திருடிப்போட்டான். ரெண்டு நாள் உள்ள வெச்சிருந்தாங்க. வெளிய உடும்போது ஒரு ஏட்டு சொன்னாரு, டீசன்டா இருந்தா உன்னை எதுக்குடா புடிக்கறோம்னு. நான் அத நம்பிப்போட்டேனுங்க.”

நான் சும்மா இருந்திருக்கலாம். “அப்ப இந்தச் செருப்போட நான் நாலு கொலை பண்ணலாம்போல இருக்குதே” என்றேன்.

“நீங்க பண்ணலாமுங்க” என்றார் அவர், சிரிக்காமல்.

போன வருடம் நடந்தது உங்களில் பலருக்கு அரைகுறையாகத் தெரியும். இப்போது முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

ஷிஃப்ட் முடிந்து நம் ஆட்கள் பேக்கரி வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த நேரம். கனகராஜுக்குப் பக்கத்தில் சேகர் என்ற பெயின்டர் நின்றிருந்தார். முப்பது வயதிருக்கும். அரை டவுசர், உடம்பெல்லாம் பெயின்ட், தலைமுடியில் செம்பட்டைச் சாயம். ஒருவரையொருவர் முன்பின் பார்த்ததில்லை. அடுத்த தெருவில் ஓர் அம்மாவின் சங்கிலியை யாரோ அறுத்துக்கொண்டு ஓடியிருந்தான். “கறுப்பா, ஒல்லியா” என்று மட்டும் அந்த அம்மா சொல்லியிருந்தார். அந்த அடையாளத்துக்குச் சிங்காநல்லூரில் பாதிப் பேரைப் பிடிக்கலாம். நானே கறுப்புதான், ஒல்லியில் மட்டும் தப்பித்திருப்பேன். ஜீப் வந்து நின்றது. பத்துப் பன்னிரண்டு பேரில் இரண்டு பேரை மட்டும் ஏறச் சொன்னார்கள். கனகராஜ் அடையாள அட்டையைத் தூக்கிக் காட்டினார். “அதெல்லாம் அங்க வந்து காட்டு, ஏறு” என்றார்கள். நம் ஆட்கள் ஐந்தாறு பேருக்குப் பஃப்ஸ் தட்டின்மேல் திடீரென்று பெரிய ஆர்வம் வந்துவிட்டது.

எனக்கு அவரே போன் செய்தார். “ஏனுங்க, ஸ்டேசன் வரைக்கும் கொஞ்சம் வர முடியுங்களா? அவசரம் ஒண்ணுமில்லீங்க.”

இருந்த கோலத்தில் போனேன். லுங்கி, சட்டையில் மத்தியானச் சாம்பார். வாசலில் நின்ற கான்ஸ்டபிள் என்னைப் பார்த்து, “உள்ள வாங்கண்ணா” என்றார். நாற்காலி வந்தது.

கனகராஜின் ஷூ வாசலோரம் கிடந்தது. பெல்ட்டும் அடையாள அட்டையும் மேஜைமேல். அவர் தரையில், சுவரோரம், ஒரு கையால் பேன்ட்டின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சேகர். அவருடைய ஒரு கன்னம் அதற்குள் சிவந்திருந்தது.

இன்ஸ்பெக்டர் என்னிடம் அதே இரண்டு கேள்விகளைக் கேட்டார். சாதியைக் கிண்டல் செய்து இதே மலரில் எத்தனை கட்டுரை எழுதியிருக்கிறேன்! ஒரு நொடிகூடத் தாமதிக்காமல் இரண்டுக்கும் பதில் சொன்னேன். எனக்கு மட்டும் டீ வந்தது. பாதி குடித்தேன். அந்தத் தைரியத்தில் ஆரம்பித்தேன்.

“சார், கனகராஜ் டீசன்டான ஆளுங்க. இருவத்தஞ்சு வருசமா ஒரு கம்பெனியில இருக்கறாரு. துணிமணியப் பாத்தாலே தெரியலீங்களா? இவரையும் அவனையும் ஒண்ணா உக்கார வெச்சா எப்படிங்க?”

‘அவனையும்’ என்றபோது சேகரைக் கை காட்டினேன். சேகர் என்னைப் பார்த்தார். கனகராஜும் பார்த்தார்.

“நீங்க சொன்னாச் சரிங்கண்ணா” என்றார் இன்ஸ்பெக்டர். “ஏய், எந்திரி. கெளம்பு.”

கனகராஜ் எழுந்து பெல்ட்டை ஒவ்வொரு பட்டையாக நுழைத்தார். ஷூவைப் போட்டு நாடாவைக் கட்டினார். முடிந்தது என்று நானும் எழுந்தேன். அவர் மேஜைக்கு முன்னால் போய் நின்றார்.

“சார், இந்தத் தம்பியும் அங்கதானுங்க டீ குடிச்சிட்டு இருந்தாரு. நாலே முக்கால்ல இருந்து நானே பாத்தேன். பேக்கரியில கேமரா இருக்குதுங்க.”

“உன்னை உட்டாச்சில்ல?”

“உட்டுட்டீங்க. அவரையும் உட்டுட்டா ஒண்ணாப் போயிக்கறமுங்க.”

இன்ஸ்பெக்டர் நாற்காலியில் சாய்ந்தார். “மகளுக்கு பாஸ்போர்ட்டுன்னு சொன்னியே. வெரிஃபிகேசன் எந்த ஸ்டேசனுக்கு வரும்னு தெரியுமில்ல?”

நர்சிங் முடித்த மகளுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்து, பாஸ்போர்ட்டுக்காகக் காத்திருந்த சமயம் அது. தன் குடும்பம் எப்படிப்பட்டது என்று காட்டுவதற்காக, பிடித்து வந்ததும் கனகராஜே சொன்ன தகவல். அது இப்போது அவர் கழுத்துக்கு வந்தது. நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன். “வாங்க கனகராஜ், வெளிய போயி வக்கீலப் பாத்துக்கலாம்.”

அவர் குனிந்து நாடாவை அவிழ்த்தார். ஷூவைக் கழற்றி, வாசலோரம் இரண்டையும் சேர்த்து நேராக வைத்தார். திரும்பி வந்து சேகர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

இன்ஸ்பெக்டர் அந்த ஷூவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கடைசியில் இன்ஸ்பெக்டரே, “கேமராவ நீங்களே பாத்துட்டு வந்துருங்கண்ணா” என்று ஒரு கான்ஸ்டபிளை என்னோடு அனுப்பினார். ஓடினேன். பேக்கரிக்காரருக்குக் கம்ப்யூட்டரின் பாஸ்வேர்டு நினைவில்லை, அவர் மகனுக்குப் போன் போட்டுக் கேட்க வேண்டியிருந்தது. படத்தில் இருவரும் டீ கிளாஸோடு அசையாமல் நிற்கிறார்கள், சங்கிலி போன நேரத்துக்கு முன்னும் பின்னும். கான்ஸ்டபிள் தன் செல்போனில் அதைப் படம் பிடித்துக்கொண்டார்.

போய்வர அரை மணி நேரம் ஆயிற்று. திரும்பியபோது கனகராஜின் சட்டைப்பை கிழிந்து தொங்கியது. கீழுதடு வீங்கியிருந்தது.

“என்னங்க சார் இது?” என்றேன்.

“வழுக்கி விழுந்துட்டானுங்கண்ணா.”

தரையில் உட்கார்ந்திருந்தவர் எங்கிருந்து வழுக்கி விழுவார்? எந்த வாக்கியத்திலிருந்தும் ஒன்பது ஜோக் எடுப்பவன் என்று பேர் வாங்கிய நான், அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. அதுவரை அவர்மேல் கை விழாமல் பார்த்துக்கொண்டது அவருடைய சட்டை அல்ல, நாற்காலியில் உட்கார்ந்திருந்த நான்தான் என்று மட்டும் அப்போது புரிந்தது. அவரைக் காப்பாற்றப் போவதாக நினைத்து, அந்த நாற்காலியைக் காலி செய்துவிட்டுப் போயிருக்கிறேன்.

இருவரையும் விட்டார்கள். வெளியே வந்ததும் சேகர் என்னிடம், “ஒண்ணா உக்கார வெச்சிட்டாங்கன்னு வருத்தப்பட்டீங்களே சார், பாருங்க, ஒண்ணாவே அனுப்பிச்சிட்டாங்க” என்றார். கனகராஜிடம் குரல் மாறியது. “வாரேனுங்கண்ணா.”

பைக்கில் கனகராஜை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். சிக்னலில் நின்றபோது காதருகில் சொன்னார்: “டீசன்டான ஆளுன்னு சொன்னீங்களே, இனி யாரப் பத்தியும் அப்படிச் சொல்லாதீங்க. சொன்னாப் பக்கத்துல இருக்கறவனுக்கு அடி உளுகுது.”

மறுநாளும் இஸ்திரி போட்ட சட்டையில்தான் வந்தார். கடைசி நாள் வரைக்கும் அப்படித்தான். ஆனால் புது ஆட்களுக்கு முடியையும் ஷூவையும் பற்றிச் சொல்வதை அன்றோடு நிறுத்திவிட்டார். பம்ப் பற்றி மட்டும் சொல்லிக் கொடுத்தார்.

அடுத்த வாரம் ஒரு தாளோடு வந்தார். அந்த ஸ்டேசனைப் பற்றிப் போலீஸ் மேலதிகாரிக்குப் புகார் மனு. தர அறிக்கை எழுதுவது போலவே எழுதியிருந்தார்: குறை, நேரம், இடம், கண்டறிந்தவர். அவரும் சேகரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். கடைசியில் ‘சாட்சிகள்’ என்று எழுதி, கீழே இடம் விட்டிருந்தார்.

“பாஸ்போர்ட் வந்துரட்டும் கனகராஜ். புள்ளையோட எதிர்காலம்” என்றேன்.

“புள்ளயக் கேட்டுப்போட்டுத்தானுங்க எழுதுனேன்.”

“அப்ப நாளைக்குப் போட்டுத் தர்றேன்.”

ஒரு பிரதியை என்னிடம் விட்டுவிட்டுப் போனார். அந்த ‘நாளைக்கு’ வரவே இல்லை. மனு இரண்டு கையெழுத்தோடு போயிற்று. சம்பவத்துக்கு வேறு சாட்சி யாரும் இல்லை என்று ஒரு வரியில் பதில் வந்தது. பாஸ்போர்ட் தாமதமாக வந்தது, மகள் கிளம்பிப் போனாள். கனகராஜ் என்னிடம் அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவே இல்லை. தினமும் என்னோடு டீ குடித்தார். என் ஜோக்குக்குச் சிரித்தார். அவர் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இறுதிச் சடங்கில் சேகர் வேலையிலிருந்து அப்படியே வந்திருந்தார், கையெல்லாம் பெயின்ட். “அண்ணன் மேலிடத்துக்கு இன்னொருக்கா எழுதலாம்னு சொல்லிட்டே இருந்தாருங்க, சாட்சி கெடச்சா” என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. பந்தலின் சவுக்குக் கட்டையைப் பார்த்துச் சொன்னார்.

கனகராஜிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது அந்தப் பிரதி ஒன்றுதான். நேற்று எடுத்துக் கையெழுத்துப் போட்டேன். பழைய தேதி போட்டுவிடலாமா என்று ஒரு சபலம் வந்தது. தரப் பரிசோதனைக்காரரின் தாள் அது, நேற்றைய தேதியையே போட்டேன். திங்கட்கிழமை நானும் சேகரும் அதை மேலிடத்துக்குக் கொண்டுபோகிறோம்.

அன்றைக்குப் பேக்கரி வாசலில் நின்றிருந்தவர்கள் யார் யார் என்பது எனக்குத் தெரியும். பேக்கரிக்காரரின் கம்ப்யூட்டரில் உங்கள் முகமெல்லாம் தெளிவாகப் பார்த்தவன் நான். இதைப் படித்துக்கொண்டிருப்பீர்கள். என் கையெழுத்து கொஞ்சம் பெரிது. அப்படியும் அதற்குக் கீழே இன்னும் ஐந்து பேருக்கு இடம் இருக்கிறது.