உதடு பார்த்தே கேட்டவள்

விசைத்தறிக் கொட்டகையில் வாய் உண்டு, குரல் கிடையாது. தறிகள் ஓடும்போது தொண்டை கிழியக் கத்தினாலும் பக்கத்தில் நிற்பவருக்கு எட்டாது. அதனால் அங்கே எல்லோரும் உதட்டை அகட்டி, குரலே எழுப்பாமல் பேசுவார்கள். எதிரில் இருப்பவர் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். சாவித்திரியும் அவள் புருஷன் குப்புராஜும் ஆரணியில் ஒரே கொட்டகையில் தறி ஓட்டியவர்கள். நூல் அறுந்ததும், டீ வந்ததும், முதலாளியைத் திட்டியதும் எல்லாம் உதட்டிலேயே நடந்தது. வீட்டுக்கு வந்தும் அந்தப் பழக்கம் போகவில்லை. இத்தனை வருஷத்தில் தன் காது மங்கிப்போனது சாவித்திரிக்குத் தெரியவேயில்லை. தெரியவேண்டிய அவசியமும் வரவில்லை.

குப்புராஜுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்தன, வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் இருந்தவரை அவர் வாயே திறக்கவில்லை. வீட்டுக்கு வந்தபின் உதடு அசைந்தது. ஆனால் சாவித்திரிக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"பேச்சு போயிடுச்சு," என்று தெருவில் சொன்னாள். பார்க்க வந்தவர்களும் தறிக்காரர்கள்தானே. கட்டிலின் கால்மாட்டில் நின்று அவர் வாயைக் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். "ஆமாம்மா, பாவம்," என்று தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

பிள்ளை இல்லாத வீடு. தூக்கி உட்காரவைப்பது, துடைப்பது, புண் வராமல் புரட்டிப் போடுவது எல்லாம் அவள் ஒருத்திதான். மதியத்துக்குள் இடுப்பு விட்டுப்போகும். தூக்கும்போதெல்லாம் அவர் முகத்தைச் சுளித்து வாயை அசைப்பார். "வீம்பு புடிக்காதய்யா, எனக்கு மட்டும் ஆசையா?" என்பாள் அவள். அவர் அசைப்பதும் நாளாக நாளாகக் குறைந்தது. உடம்பு மோசமாகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

உடற்பயிற்சி கொடுக்க லாவண்யா என்ற பெண் வீட்டுக்கு வரத் தொடங்கினாள். முதல் நாள், "அவர எப்பிடித் தூக்கி உக்காரவைக்கிறீங்க, செஞ்சு காட்டுங்கம்மா," என்றாள். சாவித்திரி விழுந்த கையைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தாள். லாவண்யா குனிந்து அவர் வாயருகே காதை வைத்தாள். நிமிர்ந்தபோது அவள் முகம் மாறியிருந்தது.

"அம்மா, ஐயா பேசறாரு."

"அது வெறும் முனகல்மா."

"இல்லம்மா. 'கையப் புடிச்சு இழுக்காதன்னு அவகிட்ட சொல்லு'ன்றாரு. கொழறுது, ஆனா புரியுது."

சாவித்திரி நம்பவில்லை. லாவண்யா துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டு ஏதோ கேட்டாள்.

"மூஞ்சிய மூடிகினா எப்பிடிமா பேசறது?" என்று சாவித்திரி எரிந்து விழுந்தாள்.

லாவண்யா துப்பட்டாவை இறக்கினாள். "உங்க பேரு இன்னான்னு கேட்டேம்மா. கத்தித்தான் கேட்டேன்."

பக்கவாதக்காரரை விழுந்த கையைப் பிடித்துத் தூக்கவே கூடாது. தோள் மூட்டு இறங்கிவிடும், வலி உயிர் போகும். அவர் தோளும் இறங்கித்தான் இருந்தது. வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். பாதி உதடு அசையாததால் அவளுக்குப் படிக்க முடியவில்லை. கேட்கவோ காது இல்லை. முதுகுக்குப் பின்னால் கையைக் கொடுத்து எப்படி எழுப்புவது என்று லாவண்யா காட்டினாள். சாவித்திரி அழவில்லை. இரண்டு முறை செய்து பழகிக்கொண்டாள். பிறகு, "மத்ததெல்லாம் இன்னா சொன்னாரோ," என்றாள். "அத எனக்கு நானே கேக்கணும். நீ தெனம் வருவியா என்ன?"

காது பரிசோதனைக்குப் போனாள். கண்ணாடி அறையில் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். அவள் வெளியே இருந்து சத்தம் அனுப்பியவரின் கையைப் பார்த்துப் பார்த்துச் சரியாக அழுத்தினாள். ஏமாற்ற நினைக்கவில்லை, கொட்டகைப் பழக்கம். அந்த ஆள் சிரித்துவிட்டு நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பிப் போட்டார். அதன்பின் பொத்தான் பெரும்பாலும் சும்மாதான் இருந்தது.

"கனமான சத்தம் கேக்குது, மெல்லிசான சத்தம் போயிடுச்சு. பேச்சு புரியறதுக்கு அதுதான் முக்கியம். தறிச் சத்தத்தால வந்தது, திரும்ப வராது," என்றார் அவர். "காதுல மெஷின் போட்டா ஒதவும். ஆனா மொதல்ல எல்லாமே எரைச்சலா இருக்கும். சத்தமில்லாத எடத்துல கொஞ்சங்கொஞ்சமாப் பழகுங்க."

அவள் தெருவில் சத்தமில்லாத இடத்துக்கு எங்கே போவது? இருபுறமும் தறி. வாங்கிவந்த மெஷினைப் போட்டால் தட்டு வைப்பது மண்டையில் இடித்தது, புடவைச் சரசரப்பு கூடக் காதைப் பிறாண்டியது. குப்புராஜின் குரல் அதற்குள் எங்கோ கிடந்தது. இரண்டு நாளில் கழற்றி டப்பாவில் போட்டுவிட்டாள். "இது ஒரு பேஜாரு," என்றாள் லாவண்யாவிடம்.

"கரண்ட் போற அன்னிக்குப் போட்டுப் பாருங்கம்மா," என்றாள் லாவண்யா.

மாதப் பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்தும் நாள் வந்தது. காலையில் தெருவே அடங்கியது. சாவித்திரி டப்பாவைத் திறந்து மெஷினை மாட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள். முதுகுக்குப் பின்னால் கையைக் கொடுத்து அவரை எழுப்பினாள். அவர் வாயைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தாள். வாயைப் பார்த்தால் பழைய பழக்கம் குழப்பும்.

"சொல்லு," என்றாள்.

ஏதோ கரகரத்தது.

"இன்னொரு தபா சொல்லுய்யா."

"கஞ்சி... வேணாம்."

அவருடைய குரலா அது? அவளுக்கு அது நினைவில் இல்லை. வேறு யாரோ ஒரு கிழவன் போல இருந்தது.

"வேணாமா? தெனம் அதானே குடிக்கற?"

"தெனம்... சொல்றேன்."

"அப்ப கையப் பத்திச் சொன்னது?"

"அதுவும்."

"திட்டினியா?"

"திட்டினேன்."

"நல்லாத் திட்டு, கேட்டுக்கறேன். மாவு இல்ல, சாயங்காலம் வாங்கியாந்து தோச சுடறேன்."

அவர் மறுபடி வாயைத் திறந்தபோது கரண்ட் வந்துவிட்டது. பக்கத்துக் கொட்டகையில் ஒரு தறி தொடங்கியது, அதன்பின் எல்லாத் தறிகளும். மெஷினுக்குள் தெருவே வந்து விழுந்தது. சாவித்திரி கையை மெஷினுக்குக் கொண்டுபோனாள், கழற்றவில்லை. இடுப்பு வலியோடு குனிந்து, அவர் வாயருகே காதை வைத்துக்கொண்டு, மிச்சத்துக்காகக் காத்திருந்தாள்.