தகட்டில் இருந்த ஆறு ஓட்டைகள்

காட்டுப் பயணங்களுக்காக என் ஜீப்பின் ஸ்பிரிங்குகளை உயர்த்தி, எஞ்சினுக்கு அடியில் தடித்த இரும்புத் தகடு பூட்டும்படி குருநகர் மெக்கானிக் அன்ரனிடம் கொடுத்திருந்தேன். வீட்டுக்கு வந்து குனிந்து பார்த்தால் தகட்டில் ஆறு ஓட்டைகள்! கழிவுத் தகட்டை என் தலையில் கட்டிவிட்டான் என்று எனக்குக் கொதித்தது. அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மருதனார்மடத்தில் வேறொரு கராஜில் ஆறையும் வெல்டிங் செய்து அடைப்பித்து, தடம் தெரியாமல் தேய்த்து, மேலே கறுப்புப் பெயின்ற் அடித்தேன்.

ஒரு வருடம் கடலேரிச் சேற்றிலும் உப்பு வெளிகளிலும் ஓடினேன். ஒருநாள் எஞ்சின் ஒயில் முழுவதும் ஒழுகி நடுவெளியில் நின்றுவிட்டேன். ஜீப்பை அன்ரனின் கராஜுக்குக் கட்டியிழுத்துக்கொண்டு போய், தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினேன்.

"உதுக்கோ உன்னட்டைத் தந்தனான்?"

அன்ரன் தகட்டைக் கழற்றினான். காய்ந்த உப்புச் சேறு பாளம் பாளமாக விழுந்தது. அதில் புதைந்து கிடந்த ஒயில் தொட்டியைத் துரு தின்றிருந்தது.

அவன் தன் வெல்டர் சூசையிடம் பாய்ந்தான். "சேறு வடிய ஓட்டை விடச் சொன்னனானெல்லோ?"

"விட்டனான் அண்ணை. ஆறு ஓட்டை."

"பொய் சொல்லாதை! இதிலை ஒரு ஓட்டையையும் காணேல்லை."

சூசை என் முகத்தைப் பார்த்தான். நான் தெருப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"பிழை எங்கடைதான் அண்ணை, மன்னிச்சுக்கொள்ளுங்கோ," என்றான் அன்ரன்.

இன்றைக்கும் நினைத்தால் என்னை நானே அறையவேண்டும் போலிருக்கிறது. கோபம் வந்தால் ஊரைக் கூட்டுகிற என் வாய் அப்போது சொன்னது இதைத்தான்:

"சரி, இனியாவது கவனமாச் செய்யுங்கோ."