சகலன் கையெழுத்துப் போடாத வீடுகள்

லா சப்பலில், ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் ஒரு தேத்தண்ணிக் கடை. அதன் கண்ணாடியோர மேசையில் என் சகலன் ஒரு மஞ்சள் படிவத்தை விரித்துவைத்து, எதிரே இருந்த மரக்கறிக் கடை அக்காவுக்கு ஒவ்வொரு பெட்டியாகத் தொட்டுக் காட்டிக்கொண்டிருந்த காட்சி இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது. சகலன் என் மனைவியின் தங்கையைக் கட்டியவர். உணவகம் ஒன்றில் சமையல் வேலை. ஓய்வு நாட்களில் வீடுகளுக்கு வயரிங். நான் தெருவின் மறுகரையில் என் வானுக்குள் இருந்தேன். அந்த வானின் இரண்டு பக்கமும் என் கொம்பனியின் பெயரும் பதிவு எண்ணும் பெரிதாக எழுதியிருக்கும். இறங்கிப் போய் அவர்களோடு ஒரு தேத்தண்ணி குடித்திருக்கலாம். போகவில்லை. வயிறு எரிந்துகொண்டிருந்தது. அந்த எரிச்சலுக்குத் தொழில் தர்மம், சட்டம், பாதுகாப்பு என்று பல நல்ல பெயர்கள் வைத்துப் பார்த்துவிட்டேன். ஒன்றும் ஒட்டவில்லை. அது பொறாமைதான்.

இந்தப் பிரெஞ்சு நாட்டில் ஒரு வீட்டின் வயரிங்கை முழுதாக மாற்றினால், அது ஒழுங்காக இருக்கிறது என்று ஓர் அத்தெஸ்தாசியோன், அதாவது அத்தாட்சிப் பத்திரம் வேண்டும். அந்த மஞ்சள் படிவத்தை நிரப்பிக் கையெழுத்திட்டு அனுப்பி, முத்திரை குத்தித் திரும்பி வந்தால்தான் கரண்ட் தருவார்கள். நான் அதற்காக இரண்டு வருடம் பிரெஞ்சுப் பிள்ளைகளுக்கு நடுவில் வகுப்பில் இருந்து படித்தேன். டிப்ளோம் எடுத்தேன், கொம்பனி பதிந்தேன், காப்புறுதி கட்டினேன். என்னைப் போன்றவர்கள் கையெழுத்துப் போட்டால் பெரும்பாலும் அப்படியே முத்திரை வந்துவிடும். எப்போதாவதுதான் ஆள் வந்து பார்ப்பார். பதிவில்லாதவர்கள் என்றால், என் வீட்டு வேலையை நானேதான் செய்தேன் என்று வீட்டுக்காரரே கையெழுத்துப் போடவேண்டும். அப்போது கட்டாயம் ஒரு பரிசோதகர் வருவார். மூலை முடுக்கெல்லாம் பார்ப்பார். சகலன் கை வைத்த வீடுகளுக்கு எல்லாம் அப்படித்தான் ஆள் வந்தது. ஒன்றுகூடத் தவறவில்லை. என் வேலையையோ அத்தனை வருடத்தில் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. மற்றவர்களுக்கு அது வசதி. எனக்கு அது பெரிய அவமானமாக இருந்தது.

அவர் ஊரை ஏமாற்றுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். தான் செய்துவிட்டு வீட்டுக்காரரைக் கொண்டு பொய்க் கையெழுத்துப் போட வைக்கிறார் என்று வீட்டில் கத்தியிருக்கிறேன். மனைவி, "நீங்கள் ஒருக்காப் போய்ப் பாத்திட்டுக் கதையுங்கோவன்" என்றாள். போய்ப் பார்த்தேன். பார்க்காமலே இருந்திருக்கலாம். சகலன் ஒரு கதிரையைப் போட்டுக் குந்தியிருந்தார். வீட்டுக்காரர்தான் ஏணியில் நின்று வயர் இழுத்தார். பிழைத்தால் சகலன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "கழட்டிப்போட்டுத் திருப்பிப் பூட்டுங்கோ, அவசரமில்லை" என்பார். தான் ஓர் ஆணிகூட முடுக்கமாட்டார். "கையெழுத்துப் போடுற ஆள்தான் வேலை செய்யவேணும், அண்ணை. இல்லாட்டில் அது பொய்யெல்லோ" என்று என்னிடம் சொன்னார். கூலி கிடையாது, அந்த வீட்டில் மத்தியானச் சோறு மட்டும். ஒரு நாளில் முடிகிற வேலை நாலு கிழமை இழுபடும். ஆனாலும் சனம் அவரைத்தான் தேடியது. கரண்ட் அண்ணை என்று பட்டம் வேறு. படித்தவன் நான், பட்டம் அவருக்கு!

மரக்கறிக் கடை அக்காவும் புருஷனும் பொண்டி என்ற புறநகரில் பழைய வீடு ஒன்று வாங்கினார்கள். முதலில் என்னைத்தான் கூப்பிட்டார்கள். குளியலறையில் முழங்காலில் இருந்து பார்த்தேன். தொட்டியின் பக்கச் சுவர் திறந்து கிடந்தது. உள்ளே ஒரு பழைய இரும்புத் தண்ணீர்க் குழாய். அதை எர்த் கம்பியோடு இணைக்காமல் விட்டால், எங்காவது கரண்ட் ஒழுகும்போது குளிக்கிறவரின் உயிருக்கே ஆபத்து. மனதில் குறித்துக்கொண்டேன். மூன்று மாதத்துக்குப் பிறகுதான் எனக்கு நேரம் வரும் என்றும் சொன்னேன், கொஞ்சம் கெத்தாகவே. அவர்கள் ஸ்தேனில் இருந்த வாடகை வீட்டை அந்த மாத முடிவில் விடவேண்டும். இரண்டு பிள்ளைகள். அவர்களுக்கு மூன்று மாதம் காத்திருக்க வழியில்லை என்பது எனக்கும் தெரியும். அக்கா சகலனிடம் போனார். இதற்கிடையில் புருஷன் அவசரப்பட்டு டைல்ஸ் ஒட்டித் தொட்டியின் சுவரை மூடிவிட்டார். அந்தக் குழாய் சகலனின் கண்ணில் படவேயில்லை.

பரிசோதகர் வரும் நாளுக்கு முதல்நாள் நான் அவருடைய அலுவலகத்துக்குப் போன் எடுத்தேன். என் பெயரைச் சொல்லவில்லை. ஒரு தொழில்காரன் என்று மட்டும் சொன்னேன். படிவத்தில் கையெழுத்திட்ட அந்த வீட்டுக்காரப் பெண் வேலை செய்யவில்லை, களவாக வேறொருவர் செய்கிறார் என்றேன். நம்பவேண்டுமே என்பதற்காக, தொட்டிக்குப் பின்னால் இருக்கும் குழாயையும் பாருங்கள் என்று சேர்த்துச் சொன்னேன். போனை வைத்ததும் பிள்ளைகளின் உயிரைக் காப்பாற்றிவிட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அட, எவ்வளவு பெரிய புளுகு அது!

அடுத்த நாள் நான் ஆசைப்பட்டபடியே நடந்தது. முத்திரை கிடைக்கவில்லை, மறு பரிசோதனைக்கு இரண்டு கிழமை. வாடகை வீட்டையோ காலிசெய்து பூட்டித் திறப்பையும் கொடுத்தாகிவிட்டது. சகலனின் வீடு ஒரே ஓர் அறை. ஆகவே என் மனைவி அந்த நாலு பேரையும் எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டாள். என் ஹோலில் மெத்தை விரித்துப் படுத்தார்கள். முதல் நாள் சாப்பாட்டு மேசையிலேயே அக்கா தொடங்கினார்: "ஆரோ ஒருத்தன் போன் எடுத்துச் சொன்னவனாம், நான் செய்யேல்லை எண்டு. அந்தப் பரிசோதகர் என்னை ஒரு மணித்தியாலம் துருவித் துருவிக் கேட்டவர். நான் பிரேக்கர் எல்லாம் இருக்கிற தாப்ளோவைத் திறந்து, எது சமையலறை, எது குளியலறை, எந்தக் கம்பி ஏன் எண்டு முழுக்கச் சொன்னன். தொழில்காரர்கூட இவ்வளவு வடிவாய்ச் செய்யிறேல்லை எண்டு சொன்னவர். அந்தக் குழாய் மட்டும்தான் பிழைச்சுப்போச்சு. போன் எடுத்தவன் நல்லாயிருக்கமாட்டான்." நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். சின்னவன் நிமிர்ந்து, "மமோன் எ த்ரே ஃபோர்த்" என்றான். அம்மா கெட்டிக்காரியாம். அந்தப் பதினாலு நாளும் என் வீட்டில் சகலன் புராணம்தான். சட்டம் போட்ட என் டிப்ளோம் சுவரில் சும்மா தொங்கியது.

அவர்கள் இரண்டு டைல்ஸைக் கழற்றினார்கள், அக்காவே இணைப்பைப் பூட்டினார், முத்திரையும் வந்தது. பொண்டியில் பால் காய்ச்சினார்கள். எல்லோரும் சமையலறையில் நின்ற நேரம் சகலன் என்னைக் குளியலறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். குரலை உயர்த்தவேயில்லை.

"இந்தச் சுவர் திறந்து கிடக்கேக்கை பாத்த தொழில்காரர் நீங்கள் ஒராள்தான், அண்ணை. அண்டைக்கே எனக்கு விளங்கிட்டுது. நான் பாக்காமல் விட்டது என்ரை பிழைதான், நீங்கள் கண்டது நல்லதுதான். ஆனால் எனக்கு நேரை ஒரு போன் எடுத்திருக்கலாமே?"

நான் குனிந்து புதிதாக ஒட்டிய டைல்ஸை விரலால் தட்டிப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்கவில்லை. அவர், "வாங்கோ, பால் ஆறப்போகுது" என்று சொல்லிக் கதவைத் திறந்தார்.

அது நடந்து பல வருடமாகிறது. சகலன் குடும்பத்தோடு லண்டனுக்குப் போய்விட்டார். லா சப்பலில் இப்போது கரண்ட் வேலை என்றால் என்னைத்தான் கேட்கிறார்கள். படிவங்களை அனுப்புகிறேன், முத்திரை வருகிறது, ஒருவரும் வந்து பார்ப்பதில்லை. மரக்கறிக் கடைக்குப் போனால் அக்கா எனக்கென்று நல்ல முருங்கைக்காயாகப் பொறுக்கித் தருவார். பதினாலு நாள் வைத்துப் பார்த்த மனிசன் என்று கடைக்கு வருகிற சனத்துக்கெல்லாம் சொல்வார். என் மனைவியும் அதைப் பெருமையாகத்தான் கேட்டுக்கொண்டு நிற்பாள். சகலன் அக்காவிடமும் சொல்லவில்லை, தன் மனைவியிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அடுத்த நிமிடமே என் மனைவியும் அவள் தங்கையும் போனில் கதைத்திருப்பார்கள். நானாக இருந்தால் அன்று மாலைக்குள் லா சப்பல் முழுக்கச் சொல்லி முடித்திருப்பேன். அவர் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் பொறுக்கவில்லை.