சிரிக்கத் தெரியாத அழகர்சாமி

ஓசூர் பாகலூர் ரோட்டில் என் ஜெராக்ஸ் கடைக்கு நேர் மேலே எல்லைச்சுடர் டிவி என்று ஒரு உள்ளூர் கேபிள் சேனல் இருக்கிறது. சேனல் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு மேஜை, ஒரு கேமரா, பின்னால் ஒரு பச்சைத் துணி, அவ்வளவுதான். அந்த மேஜையில் உட்கார்ந்து தினமும் மாலை ஆறு மணிக்குச் செய்தி படிக்கிறவர் அழகர்சாமி.

உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர். சிப்காட்டில் ஒரு கம்பெனிக்குக் கான்ட்ராக்ட் ஃபிட்டராக வந்தார். கான்ட்ராக்ட் முடிந்த மறுநாளே கம்பெனிக்கு அவர் முகம் மறந்துபோனது. சொந்த ஊர்த் திருவிழாவில் மைக் பிடித்த குரலை நம்பி எங்கள் மாடிப்படி ஏறினார். முதலாளி திம்மராயன் ஒரு மெரூன் கோட்டைக் கொடுத்து உட்கார வைத்தார். கோட்டுக்குக் கீழே லுங்கிதான். மேஜை மறைத்துவிடும்.

அழகர்சாமியின் முகத்தில் சிரிப்பு என்ற வசதியே கிடையாது. கவுன்சிலர் வீட்டுக் காதணி விழா வாழ்த்தையும் இரங்கல் செய்தி போலத்தான் படிப்பார். படிப்பதிலும் முக்கால்வாசி திறப்பு விழா, பொன்னாடை, பிறந்தநாள். ஓசூரில் நிஜமாக நடக்கிற எதையும் ஓசூர்ச் செய்தியில் பார்க்க முடியாது. எந்த ஏரி நாறுகிறது என்று சொன்னால் எந்த விளம்பரம் நின்றுபோகும் என்பது திம்மராயனுக்கு மனப்பாடம்.

ஒரே ஒரு செய்தி மட்டும் விலக்கு. யானைச் செய்தி. ராகிக் கதிர் முற்றும் மாதங்களில் கர்நாடகக் காட்டிலிருந்து யானைகள் சானமாவுக் காட்டுக்கு வந்துவிடும். கூட்டம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று வனக் காவலர் முனிவேல் போனில் சொல்வார். அழகர்சாமி படிப்பார். உத்தனப்பள்ளிப் பக்கத்து ஜனங்கள் அதைக் கேட்டுவிட்டுத்தான் ராகி வயலில் பரணேறிக் காவல் இருப்பதா, வீட்டிலேயே படுப்பதா என்று முடிவு செய்வார்கள். அவர் போகாதே என்றால் ஒருவரும் போகமாட்டார்கள். விளம்பரம் கொடுக்காத யானை என்பதால் திம்மராயனும் தடுத்ததில்லை.

"அந்த நியூஸு படிக்கிற அன்னைக்குத்தேன் மனுசன் வயிறாரச் சாப்பிடுறாரு" என்று அவர் மனைவி இருளாயி ஒருமுறை என் கடையில் சொன்னார். தன் பேச்சை நாலு பேர் நம்புகிறார்கள் என்ற ஒன்றைத் தவிர அந்த மனிதருக்கு வேறு சொத்து இல்லை. அதில்தான் கை வைத்தார்கள்.

திம்மராயனின் அக்கா மகன் சந்தோஷ் பெங்களூரில் ஏதோ படித்துவிட்டு வந்தான். வந்தவன் சும்மா இருக்கவில்லை.

"நியூஸெல்லாம் யாரு மாமா பாக்கறாங்க? காமெடி சீரியல் பண்ணலாம். ஒரு நியூஸ் ஆபீஸு, அதுல நடக்கற கூத்து. நம்ம ஆபீஸே செட்டு, நம்ம ஆளுங்களே ஆக்டருங்க. செலவே இல்ல."

கடைசி இரண்டு சொல்லில் திம்மராயன் விழுந்துவிட்டார். சீரியலுக்குப் பெயர் 'ஆறு மணி ஆறுமுகம்'. ஞாயிற்றுக்கிழமை செய்தி முடிந்த கையோடு ஒளிபரப்பு. ஆறுமுகம் என்ற செய்தி வாசிப்பாளராக அழகர்சாமி. அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: சீரியலுக்கு வேறு கோட்டு.

"ஒரு கோட்டு நல்லாத்தான இருக்குது, இன்னொண்ணு எதுக்குப்பா? ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோ. நீ நடிக்கவே வேணாம், எப்பவும் போலப் படி, போதும்" என்றார் திம்மராயன்.

எப்பவும் போலப் படித்தார். ஜூஜுவாடி நெரிசலில் நிற்கும் லாரி டிரைவர்களுக்கு அங்கேயே ரேஷன் கார்டு வழங்கப்படும் என்று படித்தார். பர்கூரில் ஒரு மலையைக் காணவில்லை, கண்டுபிடித்துத் தருவோருக்கு அதே மலையில் அறுத்த கிரானைட்டில் சமையல் மேடை பரிசு என்று படித்தார். அதே மேஜை, அதே கோட்டு, கீழே ஓடும் அதே கல்யாண மண்டப விளம்பரம், அதே இழவு வீட்டு முகம். ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. செய்தியில் சொல்லத் துப்பில்லாததையெல்லாம் காமெடியில் சொன்னார்கள். கேட்டுச் சிரித்ததோடு ஊரும் தன் கடமை முடிந்தது என்று எழுந்து போனது.

மூன்றாவது வாரம் சந்தோஷ் யானையை எழுதினான். அழகர்சாமி மறுத்துப் பார்த்தார். வேலை வேண்டுமா வேண்டாமா என்ற பேச்சு வந்ததும் படித்தார். "சானமாவு யானைக் கூட்டம் சிப்காட்டில் வேலைக்குச் சேர்ந்தது. கான்ட்ராக்ட் வேலை, பி.எஃப். கிடையாது என்றதும் கூட்டம் காட்டுக்கே திரும்பியது." அந்தத் துண்டு வாட்ஸ்அப்பில் ஏறி ராயக்கோட்டை வரை போய்விட்டது.

அடுத்த வாரம் புதன்கிழமை முனிவேல் போன் செய்தார். கூட்டம் உத்தனப்பள்ளிப் பக்கம் திரும்புகிறது, கூடவே குட்டிகள், இன்றைக்கு யாரும் வயல் பக்கம் போகக்கூடாது. அழகர்சாமி ஆறு மணிக்குப் படித்தார். என் கடையில் நின்றவர்கள் டிவியைப் பார்த்துச் சிரித்தார்கள். "இன்னிக்கி நைட் ஷிப்ட் போலக்குது!" என்றான் ஒருவன். மாடியில் போன் விடாமல் அடித்தது. எடுத்தால் எல்லாம் பாராட்டு. உத்தனப்பள்ளியை அடுத்த ஒரு கிராமத்திலிருந்தும் ஒரு பாராட்டு வந்தது. சிரித்துவிட்டு, பரணுக்குக் கிளம்புகிறோம், ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்று வைத்துவிட்டார்களாம்.

அழகர்சாமி கோட்டைக் கழற்றக்கூட இல்லை. கோட்டும் லுங்கியுமாகப் படியிறங்கி என் பைக் சாவியைப் பிடுங்கினார். நான் பதறிப்போய்ப் பின்னால் ஏறிக்கொண்டேன். சானமாவுக் காட்டு ரோட்டில் அவர் வண்டியை முறுக்கினார். நான் எல்லாச் சாமியையும் கும்பிட்டுக்கொண்டே போனேன்.

உத்தனப்பள்ளியைத் தாண்டி, போன் வந்த அந்தக் கிராமத்துக்குப் போனபோது பொழுது சாய்ந்து, ஜனங்கள் டார்ச்சும் பட்டாசும் கையுமாக வயலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அழகர்சாமி பால் சொசைட்டி முன்னால் வண்டியை நிறுத்திவிட்டு இரண்டு கையையும் விரித்துக் கத்தினார்.

"போகாதீங்கய்யா! நெசமாவே வருது! எம்புள்ளைக மேல சத்தியம்!"

கிளம்பியவர்கள் நின்று திரும்பினார்கள். பிறகு கோட்டுக்குக் கீழே இருந்த லுங்கியை எல்லாரும் பார்த்தார்கள். அந்தச் சிரிப்பு இருக்கிறதே, நான் அப்படி ஒரு சிரிப்பைக் கேட்டதில்லை. "ஆறுமுகம் வந்துட்டாரு!" என்று சந்துபொந்தெல்லாம் ஆள் ஓடிவந்தது. பரணுக்குப் போனவர்களையும் போன் போட்டுத் திரும்ப அழைத்தார்கள். அவர் கையெடுத்துக் கும்பிட்டார், சிரித்தார்கள். அழுதார், அதற்கும் சிரித்து செல்ஃபி எடுத்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் யாரையாவது அறைந்திருப்பேன்.

அப்போது வயல் பக்கம் பிளிறல் கேட்டது. பட்டென்று எல்லா வாயும் மூடியது.

விடிந்ததும் போய்ப் பார்த்தோம். அந்த ஊர் நாராயணம்மா வீட்டு ராகி தரையோடு தரை. பக்கத்தில் தக்காளித் தோட்டம் சேறு. அவர் மகன் தினமும் ஏறி உட்காரும் பரண் துண்டு துண்டாகக் கிடந்தது. நாராயணம்மா அதில் ஒரு கட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு அழகர்சாமியிடம் வந்தார்.

"நீ சொன்னத நாங்க நம்பல சாமி. வேடிக்கைன்னு நின்னோம். அதுலதான் எம்பையன் உசுரோட இருக்கறான்" என்றார்.

உயிர் பிழைத்த ஊரில், அழகர்சாமி நம்பப்படாத மனிதராக நின்றுகொண்டிருந்தார்.

ஐந்தாவது வாரத்தோடு சீரியல் நின்றது. யானையால் என்று யாரும் தப்பாக நினைத்துவிடக் கூடாது. கல்யாண மண்டபக்காரர் வந்து சத்தம் போட்டார்: விளம்பரத்தையும் ஜனங்கள் காமெடி என்று நினைத்து, மண்டபத்துக்குப் போன் செய்து சிரிக்கிறார்களாம். மறுநாளே திம்மராயன் சந்தோஷைப் பெங்களூருக்கு பஸ் ஏற்றிவிட்டார்.

சீரியல் போனாலும் ஆறுமுகம் போகவில்லை. அழகர்சாமி இப்போதும் ஆறு மணிக்கு யானைச் செய்தி படிக்கிறார், ஊர் இப்போதும் சிரிக்கிறது. படித்து முடித்ததும் அதே கோட்டு, அதே லுங்கியோடு என் பைக்கில் கிளம்பிவிடுவார். கூட்டம் எந்தக் கிராமத்துப் பக்கமோ அந்தக் கிராமத்தில் இறங்கி, காணாமல்போன மலை, ரேஷன் கார்டு வாங்கிய லாரி என்று ஒவ்வொன்றாகப் படிக்க ஆரம்பிப்பார். பரணுக்குக் கிளம்பியவர்கள் எல்லாம் வந்து உட்காருவார்கள். யானைகள் கடந்துவிட்டன என்று முனிவேல் போன் செய்கிற வரை நிறுத்தமாட்டார். கோட்டை வெளியே போட்டுக் கசக்குகிறாய் என்று திம்மராயன் குறைபட்டுக்கொள்வதோடு சரி.

போன ராகிப் பருவத்தில் ஒருநாள் அவரோடு போய்விட்டுத் திரும்பும்போது, மனசு கேட்காமல் கேட்டுவிட்டேன்.

"இப்பிடிச் சிரிக்கறாங்களேண்ணா, உங்களுக்குக் கஷ்டமா இல்லியா?"

"ஆரம்பத்துல இருந்துச்சு" என்றார். "இப்ப இல்லப்பா. சிரிச்சாத்தேன் இருட்டுல பல்லு தெரியுது. எல்லாரும் இருக்காய்ங்களான்னு எண்ணிக்கிருவேன்."